செத்த கம்பியில் பச்சை விளக்கு

அத்தியாயம் 6

"அண்ணி, நீங்க கூப்பிட்டா போலீஸ் வருது, வக்கீல் வர்றாரு, எங்க அண்ணன்கூட பயந்துக்கிட்டே வந்து நிக்கிறாரு. இது மட்டும் அசைய மாட்டேங்குதே!" என்றான் கண்டக்டர்.

கழுத்து நோக அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது ஒரு ட்ரோனை. முப்பதடி உயரத்தில், கம்பத்தை ஒட்டி, மின்கம்பியைக் கவ்விப் பிடித்தபடி வௌவால் மாதிரி தொங்கியது. அதன் அடிவயிற்றில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பச்சைன்னா சாப்பிடுதுன்னு அர்த்தம் சார்" என்றாள் ட்ரோன்காரப் பெண். கழுத்தில் பட்டை கட்டித் தொங்கிய டேப்லெட்டிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "கம்பியில கரண்ட் ஓடினா அதுலேர்ந்தே சார்ஜ் ஏத்திக்கும். வயிறு நிறைஞ்சதும் பறந்து போய் அடுத்த லைனைப் படம் எடுக்கும். மறுபடி பசிச்சா எங்கயாவது உட்கார்ந்துக்கும். வாரக்கணக்கா தரைக்கே வராது."

"கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி."

"தம்பி" என்றாள் அண்ணி.

அந்த ஒரு சொல்லில் கண்டக்டரின் வாய் மூடியது. எவ்வளவு நேரம் மூடியிருக்கும் என்பதுதான் கேள்வி.

அண்ணி பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டியெடுத்தவள். அந்த வேலையை விட்டு, மாடியில் ஓர் அறை எடுத்துத் துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டினாள். அவள் கணவனின் தம்பிக்கு அப்போதுதான் பஸ் கம்பெனி மூடி வேலை போயிருந்தது. காரோட்டியாக வந்தவன், வாயாலேயே உதவியாளராகப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டான். அவன் அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிற கட்சிக்காரர்களும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று வந்தவளும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"அண்ணி, என் புருஷன் கம்பத்துல செத்தாரு. அன்னிக்கு ஸ்விட்ச் ரூம்ல இருந்தது என் கூடப்பிறந்த தம்பி. ஸ்விட்சை இறக்கிட்டேன், திரும்பத் தொடவே இல்லைங்கிறான். எல்லாரும் அவன் பொய் சொல்றான்கிறாங்க. ஆறு நாளா அவன் முகத்தை நான் பார்க்கலை. அவன் கைதானா, இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

அவள் அழவில்லை. அதுதான் கண்டக்டரை என்னவோ செய்தது. இரவு வீட்டில் அவன் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை என்று அவன் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம்.

வந்தவளின் தம்பிக்கு எதிராக இருந்தது ஒரே ஒரு காகிதம். அவள் கணவனான லைன்மேன் செத்த அன்று இதே ட்ரோன் இதே கம்பியில் உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்கு லைனை நிறுத்தியதாகத் தம்பி பதிவேட்டில் எழுதியிருந்தான். பத்து முப்பதிலிருந்து பதினொன்று பத்து வரை சார்ஜ் ஏறியதாக ட்ரோன் எழுதியிருந்தது. லைன்மேன் விழுந்தது பத்து முப்பத்திரண்டுக்கு. செத்த கம்பியில் யாரும் சாப்பிட முடியாது. ஆகவே பத்து முப்பதுக்குத் தம்பிதான் மறதியாக ஸ்விட்சைத் தூக்கிவிட்டான். மனிதன் பொய் சொல்வான், இயந்திரம் சொல்லாது என்று விசாரணைக் குழு முடிவு கட்டிவிட்டது. இன்று நான்கு மணிக்குக் கடைசிக் கூட்டம். அதற்கப்புறம் போலீஸ்.

அண்ணி அந்தக் காகிதத்தை நேற்று மூன்று முறை படித்தாள். நாற்பது நிமிடம் சார்ஜ் ஏறியும் ஏழு சதவீதம்தான் கூடியிருந்தது.

"மத்த நாள்ல நாற்பது நிமிஷத்துல எவ்வளவு ஏறும்மா?" என்று இப்போது அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"அறுபதுக்குக் குறையாது மேடம்."

"அன்னிக்கு மட்டும் ஏன் ஏழு?"

"தெரியலை. ஆபீஸுக்கு வர்றது சுருக்கக் கணக்குதான். நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு அதோட வயித்துக்குள்ள இருக்கு. இறக்கி, ஒயர் போட்டாத்தான் படிக்க முடியும்."

"அப்ப இறக்கு."

"அதைத்தான் பார்க்கிறேன். இப்பதான் வந்து உட்கார்ந்திருக்கு, ஒன்பது சதவீதம். எண்பது வந்தாத்தான் இறக்கையைச் சுத்தும். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்."

ஜீப்பின் மீது சாய்ந்திருந்த பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு லைன்மேனை வேலைக்கு அனுப்பியவர் அவர்தான். அவருக்கு இந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை என்பது, கம்பத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் பார்த்ததிலிருந்தே தெரிந்தது.

"மணி ரெண்டாகப் போகுது. நாலு மணிக்கு நான் குழு முன்னாடி நிக்கணும். லைனை நிறுத்தச் சொல்றேன். ஆளை ஏத்தி எடுத்துத் தந்துடறேன். ரெண்டு நிமிஷ வேலை. சரியாம்மா?"

அண்ணி சரி என்றாள். அதைப் பற்றி அவள் பிறகு வெகுநாள் நினைத்துக்கொண்டாள்.

பொறியாளர் ஸ்விட்ச் ரூமுக்குப் போன் போட்டார். ஜீப்பின் பின்னாலிருந்து ஏணியை இறக்கியவனை எல்லாரும் நெட்டை என்பார்கள். செத்துப்போன லைன்மேனோடு பதினொரு வருடம் ஒரே குழுவில் கம்பம் ஏறியவன். ஆறு நாளில் ஆளே பாதியாகியிருந்தான். அவன் இடது கையால் ஏணியைச் சாய்த்து, இடது கையால் கயிற்றை இறுக்கி, இடது கையுறையை முதலில் மாட்டிக்கொண்டான். இருபது வருடம் டிக்கெட் கிழித்தவன் கண்ணுக்கு எந்தக் கை முதலில் நீளுகிறது என்பது தானாகப் படும். படத்தான் செய்தது. கண்டக்டர் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

பச்சை விளக்கு அணைந்து சிவப்பானது.

"லைன் போயிடுச்சு" என்றாள் ட்ரோன்காரப் பெண். "இப்ப அது பட்டினி."

சற்றுத் தள்ளி சாலையோரம் இருந்த தண்ணீர் பம்ப் ஹவுஸில் இரைந்துகொண்டிருந்த மோட்டாரும் மூச்சை விட்டு நின்றது. திடீரென்று அந்த இடம் அமைதியாகிவிட்டது. அந்தக் கிளை லைனில் மின்சாரம் வாங்குபவர்கள் இரண்டே பேர்: இந்தப் பம்ப் ஹவுஸ்; அப்புறம் கம்பத்தைத் தாண்டிக் கடைசியில் ஓர் ஐஸ் தொழிற்சாலை.

நெட்டை நீளக் கழியின் முனையில், மின்சாரம் இருந்தால் கத்தும் டெஸ்டரை மாட்டிக் கம்பிக்கு அருகே நீட்டினான். அது கத்தவில்லை. மூன்று கம்பியிலும் பார்த்தான். கத்தவில்லை.

"சார், எர்த் ராடு?" என்றான். கம்பியைத் தரையோடு இணைத்துவிடும் கழி அது. அதை மாட்டிவிட்டால் எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும்.

"ஸ்டோர்ல இருக்கு. அதான் டெஸ்ட் பண்ணிட்டியே. ஏறு, ஏறு."

"அன்னிக்கும் ஸ்டோர்லதான் சார் இருந்துச்சு."

பொறியாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஏணி சரியாக நிற்கவில்லை. ஜீப்பை நகர்த்தி, மறுபடி சாய்த்து, கயிறு கட்டி முடிக்கப் பத்து நிமிடம் போனது. பிறகு ஏறத் தொடங்கினான்.

அண்ணி டேப்லெட் மீது குனிந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ தேதி கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நேரத்தில் அவன் காது நன்றாக வேலை செய்யும். இன்ஜின் சத்தத்தை வைத்தே பஸ் எந்த மேட்டில் நிற்கும் என்று சொன்னவன்.

பம்ப் ஹவுஸ் மோட்டார் ஒருமுறை முனகியது. அப்புறம் இரைய ஆரம்பித்தது.

நின்ற பஸ் கிளம்புது என்று நினைத்தான். நினைத்த அடுத்த விநாடி, டிரைவர் யாரு என்று நினைத்தான். தலையைத் தூக்கினான்.

அங்கே பச்சை விளக்கு எரிந்தது.

முன்பு போல் படபடவென்று அல்ல. மெதுவாக, சோம்பலாக, ஒன்று, இரண்டு என்று எண்ணலாம் போல. அதற்கு நாலு அடி கீழே நெட்டையின் தலை. அவன் இடது கை மேலே நீண்டுகொண்டிருந்தது.

"கையை எடு!" இருபது வருடம் ஓடுகிற பஸ்ஸை நிறுத்திய குரல் அது. "கையை எடுடா! கம்பி உசிரோட இருக்கு!"

நெட்டையின் கை நின்றது. கம்பிக்கும் விரலுக்கும் நடுவே ஒன்றரை முழம் இருந்திருக்கும்.

"இறங்கு" என்றாள் அண்ணி. அவள் குரல் உயரவே இல்லை. "எதையும் தொடாம, ஒவ்வொரு படியா இறங்கு. மேல பார்க்காதே. என்னைப் பாரு."

பதினாறு படி. கண்டக்டர் எண்ணினான். கடைசிப் படியில் கண்டக்டர் நெட்டையை இடுப்பில் பிடித்து இறக்கித் தரையில் உட்கார வைத்தான்.

பொறியாளர் அதற்குள் போனில் கத்திக்கொண்டிருந்தார். "யாரு ஸ்விட்சைப் போட்டது? யாரு?" அந்தப் பக்கம் பதில் சொன்ன குரல் எல்லாருக்கும் கேட்டது. "யாரும் போடலை சார். இறக்கினது இறக்கினபடி இருக்கு. பூட்டுச் சாவி என் கையில இருக்கு. வேணும்னா வந்து பாருங்க சார்!"

பொறியாளர் போனைக் கீழே இறக்கினார்.

"ஸ்விட்ச் கீழே இருக்கு" என்றாள் அண்ணி. "விளக்கு பச்சையா இருக்கு. ரெண்டும் உண்மை. அன்னிக்கும் ரெண்டும் உண்மைதான் சார். பத்து மணிக்கு அந்தத் தம்பி இறக்கினது உண்மை. பத்தரைக்கு இது சாப்பிட்டதும் உண்மை. சாப்பிட்டது ஏழே சதவீதம். ஏன்? பரிமாறினது நீங்க இல்லை, வேற ஆளு. சின்னக் கரண்டி."

"வேற ஆளுன்னா?"

அண்ணி கம்பி போகும் திசையில் கையை நீட்டினாள். வயல்வெளிக்கு அப்பால் தகரக் கூரை தெரிந்தது. அதன் புகைபோக்கியிலிருந்து கறுப்புப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஐஸ் தொழிற்சாலையில ஜெனரேட்டர் ஓடுது."

காரில் ஏறும்போது அண்ணி கதவைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றாள்.

"ராடு எங்கேன்னு நான் கேட்டிருக்கணும் தம்பி."

"அதான் இறங்கிட்டான்ல அண்ணி."

"நீ கத்தினதால இறங்கினான்."

கண்டக்டர் சுற்றிப் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான்.

நெட்டை தானும் வருவேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டான். பொறியாளரின் ஜீப் பின்னால் வந்தது.

தொழிற்சாலையில் முதலாளி இல்லை. ஜெனரேட்டர் அறையில் எண்ணெய்த் துணியோடு நின்ற மெஷின்காரர், இத்தனை பேரைக் கண்டதும் கையைத் துடைத்துத் துடைத்து மேலும் அழுக்காக்கிக்கொண்டார். பொறியாளர் முதல் வேலையாக ஜெனரேட்டரை நிறுத்தினார்.

"கரண்ட் போச்சு. பத்து நிமிஷம் பார்த்தேன், வரலை. உள்ள ஐஸ் இளகுது. ஓட்டினேன். இது தப்பா?" என்றார் மெஷின்காரர்.

"ஓட்டினது தப்பில்லை" என்றாள் அண்ணி. "வெளியே போக விட்டதுதான் தப்பு. மெயின் ஸ்விட்சை இறக்கினீங்களா?"

"இறக்கினேனே."

"தம்பி, வாசல்ல மெயின் எப்படி இருக்குன்னு பார்."

கண்டக்டர் மூன்று கதவைத் தாண்டி வாசலுக்குப் போய்த் திரும்பினான். "மேலே ஏத்தியே இருக்கு அண்ணி. கைப்பிடி மேல தூசி. தூசி மேல பல்லி. அது எழுந்து இடம் கொடுத்த மாதிரி தெரியலை."

மெஷின்காரர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "எத்தனை தடவைங்க நடக்கறது? மூணு கதவு... ஒண்ணும் ஆகலையேன்னு..." அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்குக் கேட்டப்பவும் இறக்கிட்டேன்னு சொல்லிட்டேன். சொன்ன வாயை அப்புறம் எப்படி மாத்தறது?"

பொறியாளர் சுவரில் இருந்த பெரிய மாற்று ஸ்விட்சின் முன் நின்றிருந்தார். மேலே தள்ளினால் லைன், கீழே இழுத்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி செய்யப்பட்ட சாதனம் அது. ஜெனரேட்டர் மின்சாரம் வெளியே கசிந்து கம்பத்தில் இருப்பவனைக் கொல்லாமலிருக்க ஏற்பட்ட பூட்டு. அந்தப் பூட்டின் நாக்கு உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் ஜெனரேட்டர் ஒயரை நேராக இணைத்து, நெம்புகோல் நகராதபடி அலுமினியக் கம்பியால் வரிந்து கட்டியிருந்தது.

"இது யார் வேலை?" என்றார் பொறியாளர்.

மெஷின்காரர் எண்ணெய்த் துணியை எடுத்து மறுபடி கையைத் துடைத்தார்.

கண்டக்டர் அந்தக் கட்டை அவிழ்க்கக் கை வைத்தான். "தம்பி, அது சாட்சி" என்று அண்ணி அதட்டுவதற்குள் ஒரு முறுக்கு முறுக்கியும்விட்டான்.

கம்பி தளரவில்லை. இறுகியது.

"அண்ணி, இது எதிர்ப்பக்கமா முறுக்கியிருக்கு. நம்ம மாதிரி ஆளு கட்டினா இப்படி வராது. இது இடது கை..."

சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. தோன்றி என்ன பயன்? அண்ணி ஏற்கெனவே அறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் நெட்டை அறைக்குள் காலே வைக்கவில்லை.

"என் கட்டுதான்" என்றான் நெட்டை.

பொறியாளர் திரும்பினார். "நீயா?"

"மூணு மாசம் முன்னாடி. நாக்கு உடைஞ்சிடுச்சு, புது ஸ்விட்ச் வர்ற வரைக்கும் தற்காலிகமா கட்டிக் கொடுன்னு முதலாளி கேட்டாரு. கட்டிக் கொடுத்தேன். ஓட்டறதுக்கு முன்னாடி மெயினை இறக்கணும், மறந்தா ஆள் செத்துருவான்னு இவர்கிட்ட பத்துத் தடவை சொன்னேன். அவன் செத்த அன்னிக்கு இங்கதான் முதல்ல ஓடி வந்தேன். மெயினை இறக்கினீங்களான்னு கேட்டேன். இறக்கினேன்னாரு." அவன் மெஷின்காரரைப் பார்க்கவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் நம்பிட்டேன். எனக்கு அதை நம்பணும் போல இருந்துச்சு. அந்தப் பையன்தான் ஸ்விட்சைப் போட்டிருப்பான்னு நானும் சேர்ந்து சொன்னேன்."

"போலீஸ்ல இதைச் சொன்னா யாரு நம்புவா?" என்றார் பொறியாளர். "வேணும்னே மறைச்சேன்பாங்க."

"நான் நம்புறேன்" என்றாள் அண்ணி. "லைன் உசிரோட இருக்கும்னு ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தா, ராடு இல்லாம இன்னிக்கு அந்த ஏணியில ஏறியிருப்பானா? இவன் சொல்றது உண்மைங்கிறதுக்கு அந்தப் பதினாறு படிதான் சாட்சி." அவள் பொறியாளரை நேராகப் பார்த்தாள். "குழு முன்னாடி இவன் பேசட்டும். அந்த ஸ்டோர்ல இருக்கிற ராடு பத்தி நீங்க பேசுங்க."

"பேசறேன்" என்றார் பொறியாளர். இரண்டு முறை சொன்னார்.

கார் பக்கம் வந்ததும் அண்ணி லைன்மேன் மனைவிக்குப் போன் செய்தாள்.

"உன் தம்பி ஸ்விட்சை இறக்கினான்மா. திரும்பத் தொடலை. அவன் கை இல்லை."

"அவன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள் மறுமுனையில் அவள்.

"விசாரணை நடக்கிற ஆபீஸ் வாசல்ல. காலையிலேர்ந்து அங்கேயே நிக்கிறானாம்."

"சாப்பிட்டானா?"

"தெரியலை."

"அங்கேயே இருக்கச் சொல்லுங்க அண்ணி. நான் வர்றேன்."

போனை வைப்பதற்குள், நெட்டை இன்று கம்பத்தில் ஏறிக் கை நீட்டப் போனதையும் அண்ணி சொன்னாள்; அந்தக் கட்டு யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவர்கள் ஆபீஸ் வாசலை அடைந்தபோது அவள் வந்துவிட்டிருந்தாள். படிக்கட்டில் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே திறந்த டிபன் டப்பா. அவன் வாயில் சோறு, கண்ணில் தண்ணீர். அவள் கை அவன் முதுகின் மேல் இருந்தது.

காரிலிருந்து நெட்டை இறங்கினான். அவளைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. அவள் எழுந்து அவனை நோக்கி ஓடி வந்தாள்.

"அண்ணே! நீங்க கம்பத்துல ஏறினீங்களாமே, கையை நீட்டப் போனீங்களாமே... உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடவுளே, இந்தக் கை பொழைச்சுதே."

நெட்டை கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே யாரோ கதவைத் திறந்து, குழு கூடிவிட்டது, வரலாம் என்றார்கள். யாரும் நகரவில்லை.

"தங்கச்சி" என்றான் நெட்டை. "உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்."